காலமான ஆசிரியரின் வேர்ட் கோப்பில் ஒளிந்திருக்கும் பகுதிகள்: எடுப்பது எப்படி, அச்சிடலாமா?

வைகைக்கரை

வணக்கம். எங்கள் பகுதிக் கண்மாய்களைப் பற்றி எங்கள் பள்ளித் தமிழாசிரியர் பல வருடமாக எழுதிவந்த நூல் ஒன்று கையெழுத்துப்படியாக இல்லாமல் வேர்ட் கோப்பாகவே இருக்கிறது. ஐயா காலமாகிவிட்டார். அவருடைய மகள் பென்டிரைவைக் கொடுத்து, புத்தகமாக்கித் தரச் சொல்லியிருக்கிறார். டாக்எக்ஸ் கோப்பு. பழைய அத்தியாயங்கள் பாமினி எழுத்துருவில், பிந்தையவை யூனிகோடில்.

உள்ளே பல இடம் இடிக்கிறது. "மடை திறக்கும் முறை" என்று ஓர் அத்தியாயத் தலைப்பு இருக்கிறது; கீழே ஒரு வரிகூட இல்லை, உடனே அடுத்த தலைப்பு வந்துவிடுகிறது. ஆனால் பொருளடக்கத்தில் அந்த அத்தியாயத்துக்குள் நான்கு உட்தலைப்புகள் இருக்கின்றன. இன்னோர் இடத்தில் "மேலே சொன்ன மூன்று காரணங்களால்" என்று எழுதுகிறார், மேலே இருப்பது இரண்டுதான். சில வாக்கியங்கள் பாதியில் அறுந்து நிற்கின்றன. கலுங்கின் (கண்மாயின் மிகை நீர் வெளியேறும் அமைப்பு) படம் ஒன்று ஒரு வரி உயரத்துக்குக் கீற்றாக மட்டும் தெரிகிறது.

மடை அத்தியாயத்தை அப்பா முழுசாக எழுதி முடித்து வீட்டில் வாசித்துக் காட்டினார் என்கிறார் மகள். என்னிடம் இருப்பது வேர்ட் 2016. எங்கிருந்து தொடங்குவது?

பக்கவடிவம்

முதலில் அந்தப் பென்டிரைவில் இருப்பதைத் தொடாதீர்கள். கணினியில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலுக்கும் ஒரு நகல் எடுத்து, அதில் மட்டும் வேலை செய்யுங்கள். மூலக் கோப்பைத் திறந்து ஒரு தடவை சேமித்தாலே உள்ளே சில தடயங்கள் மாறும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒரே காரணம் இல்லை, மூன்று நான்கு காரணம் கலந்திருக்கிறது. எளியதை முதலில் முடிப்போம்.

வெறும் தலைப்பு மட்டும் தெரிகிறது, பொருளடக்கத்தில் உட்தலைப்புகள் இருக்கின்றன என்றால் அது பெரும்பாலும் மடக்கிய தலைப்பு. வேர்ட் 2013 முதல் ஹெடிங் ஸ்டைல் போட்ட தலைப்புகளை மடக்கலாம். தலைப்பின் இடப்பக்கம் சின்ன முக்கோணம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அதைச் சொடுக்கினால் போதும். இல்லையென்றால் தலைப்பில் வலச்சொடுக்கு, எக்ஸ்பாண்ட் / கொலாப்ஸ், அதில் எக்ஸ்பாண்ட் ஆல் ஹெடிங்ஸ். சாதாரணமாக மடக்கிச் சேமித்தாலும் மறுமுறை கோப்பைத் திறக்கும்போது விரிந்துதான் வரும். திறக்கும்போதே மடங்கி வந்தால், பாரகிராஃப் பெட்டியில் "கொலாப்ஸ்டு பை டிஃபால்ட்" டிக் ஆகியிருக்கிறது என்று பொருள். அதை எடுத்துவிட்டால் அந்தத் தொல்லை முடிந்தது.

படம் கீற்றாகத் தெரிவதற்குக் காரணம் வரி இடைவெளி. அந்தப் பத்திக்கு "எக்ஸாக்ட்லி" என்று குறிப்பிட்ட பாயின்ட் அளவு கொடுத்திருப்பார்கள். வரிக்குள் வைத்த படம் அந்த உயரத்துக்குமேல் வெட்டுப்படும். படத்தின்மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல் + 1 தட்டுங்கள், முழுப்படமும் வரும். அட்டவணைகளிலும் இதே கதைதான்: வரிசை உயரம் எக்ஸாக்ட்லியில் இருந்தால் கட்டத்துக்குள் அடங்காத உரை அப்படியே மறைந்துபோகும். கண்மாய் நூல் என்றால் அட்டவணை நிறைய இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

வைகைக்கரை

நன்றி அண்ணா. அத்தியாயம் முழுசாக வந்துவிட்டது. மடைக்கல் எத்தனை சாண் உயரம், எந்த மாதம் எந்த மடையை முதலில் திறப்பது, நீர்ப்பாய்ச்சிக்குக் களத்தில் எவ்வளவு நெல் அளப்பது என்று எல்லாம் இருக்கிறது. மகளிடம் ஃபோனில் சொன்னேன், அவரால் சற்று நேரம் பேச முடியவில்லை.

கலுங்கு படமும் சரியாகிவிட்டது. ஓர் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் ஆயக்கட்டுக் கணக்கு (கண்மாய் நீர் பாயும் நிலத்தின் கணக்கு) வெட்டுப்பட்டிருந்தது, அதுவும் கிடைத்தது. ஆனால் அறுந்த வாக்கியங்களும் அந்த மூன்றாவது காரணமும் இன்னும் வரவில்லை.

கீழைக்காற்று

ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போங்கள். ஒளிந்திருப்பது என்னென்ன என்று வேர்டே சொல்லிவிடும்.

எக்ஸ்எம்எல்

வைகைக்கரை, அதை நகலில் மட்டும் செய்யுங்கள். வரும் பட்டியலில் "ரிமூவ் ஆல்" பொத்தானைத் தொடவே வேண்டாம். அந்தக் கருவி வெளியே அனுப்பும் கோப்பைச் சுத்தம் செய்வதற்காக உண்டானது. மறைவெழுத்து இருக்கிறது என்று சொல்லும், எங்கே இருக்கிறது, என்ன இருக்கிறது என்று காட்டாது. அழித்துவிட்டால் அதன் பிறகு அன்டூ வேலை செய்யும் என்று நம்ப முடியாது. மீட்பு வேலையில் இதன் பயன் ஒன்றுதான்: தேடத் தொடங்கும் முன்னால், தேட ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது மறைவெழுத்து. ஃபாண்ட் பெட்டியில் தடிமன், சாய்வு போல "ஹிடன்" என்றும் ஒரு பண்பு இருக்கிறது. ஒரு வாக்கியத்துக்கு அதைக் கொடுத்தால் திரையிலும் அச்சிலும் காணாமல் போகும். கோப்பில் அப்படியே இருக்கும். குறுக்குவிசை கன்ட்ரோல் + ஷிப்ட் + எச். கை தவறி இது தட்டுப்பட்டுப் போவதும் உண்டு.

பார்ப்பதற்கு கன்ட்ரோல் + ஷிப்ட் + 8. பத்திக்குறிகள் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும், அவற்றோடு மறைவெழுத்தும் புள்ளிக்கோட்டு அடிக்கோட்டுடன் வெளியே வரும். இது பார்வைக்கு மட்டும், எதையும் மாற்றாது. முதலில் இப்படியே நூல் முழுவதையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

நிரந்தரமாக வெளியே கொண்டுவர: அந்தக் குறிகள் தெரியும் நிலையிலேயே கன்ட்ரோல் + எச். ஃபைண்ட் வாட் பெட்டியை வெறுமையாக விட்டு, மோர், ஃபார்மேட், ஃபாண்ட், அதில் ஹிடன் டிக். ரீப்ளேஸ் வித் பெட்டிக்கும் அதே வழியில் போய் ஹிடன் கட்டத்தை டிக் இல்லாமல் வெறுமையாக்குங்கள். அந்தக் கட்டத்துக்கு மூன்று நிலை உண்டு என்பதைக் கவனிக்கவும். பெட்டிக்குக் கீழே "நாட் ஹிடன்" என்று எழுதியிருந்தால்தான் சரி. குறிகள் தெரியாத நிலையில் தேடினால் வேர்ட் மறைவெழுத்தைக் கண்டுபிடிக்காது. நிறையப் பேர் இங்கேதான் "எதுவும் இல்லை" என்று முடிவுக்கு வருகிறார்கள்.

ரீப்ளேஸ் ஆல் போடாதீர்கள். ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். நூலுக்குச் சொல்லடைவு போட ஐயா குறித்திருந்தால், அந்தக் குறிப்புகளையும் வேர்ட் மறைவெழுத்தாகத்தான் வைத்திருக்கும். அவற்றை வெளியே இழுத்தால் பக்கம் பக்கமாக அடைப்புக்குறிகள் வந்து நிற்கும்.

நல்லூரான்

பாமினி பற்றி ஒரு முக்கியமான விஷயம். இணையத்தில் பல இடங்களில் "எல்லாவற்றையும் தெரிவுசெய்து கன்ட்ரோல் + ஸ்பேஸ் தட்டுங்கள், மறைந்தது எல்லாம் வந்துவிடும்" என்று எழுதியிருக்கும். ஆங்கிலக் கோப்புக்கு அது சரி. பாமினியில் தட்டிய கோப்பில் அதைச் செய்தால் எழுத்துருவும் சேர்ந்து போய்விடும். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தானே, எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. ஒரு தட்டில் அத்தியாயம் முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அதுவும் யூனிகோடு கலந்த கோப்பு என்றால் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலச் சொல் என்று பிரித்தெடுக்கப் பெரும்பாடு.

வெள்ளை நிறத்தில் எழுதி மறைத்ததைத் தேடவும் இதே கவனம் வேண்டும். எல்லாவற்றையும் தெரிவுசெய்து எழுத்து நிறத்தை மட்டும் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். வேறொன்றையும் தொடவேண்டாம்.

யூனிகோடுக்கு மாற்றும் வேலையை, மறைந்ததெல்லாம் வெளியே வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். என்.எச்.எம். மாற்றியோ பொங்குதமிழோ, கண்ணுக்குத் தெரிவதை வெட்டி ஒட்டித்தான் நாங்கள் மாற்றுகிறோம். மறைந்திருப்பது வெட்டும்போது விடுபட்டால் பிறகு தேடவும் தெரியாது.

வைகைக்கரை

நல்லூரான் அண்ணை, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அந்த கன்ட்ரோல் + ஸ்பேஸ் யோசனையை நானும் ஒரு வீடியோவில் பார்த்து வைத்திருந்தேன்.

குறிகளைத் தெரியவைத்துப் படித்தேன். மறைவெழுத்து இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று, சின்னச் சின்னக் குறிப்புகள்: "இதைச் சொன்னது கீழத்தெரு பெரியவர், மறுபடி கேட்க வேண்டும்", "அளவு சரிபார்". இன்னொன்று, ஏழாம் அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம். பல வருடத்துக்கு முன்னால் கடைமடைக்குத் தண்ணீர் விடுவதில் இரண்டு குடும்பங்களுக்குள் நடந்த சண்டை. யார் மடையை உடைத்தது, யார் காவல் நிலையம் போனது, எல்லாம் பெயரோடு. அந்தக் குடும்பங்கள் இன்றும் ஊரில் இருக்கின்றன.

அறுந்த வாக்கியங்கள் மட்டும் இன்னும் அப்படியே.

எக்ஸ்எம்எல்

அப்படியென்றால் அது டிராக் சேஞ்சஸ், செய்யும் திருத்தங்களையெல்லாம் வேர்ட் பதிந்துவைக்கும் வசதி. ரிவ்யூ பட்டியில் "நோ மார்க்அப்" என்று இருக்கும், அதை "ஆல் மார்க்அப்" ஆக்குங்கள். நோ மார்க்அப் என்பது திருத்தங்கள் ஏற்கப்பட்டுவிட்டன என்று ஆகாது. இறுதி வடிவம் எப்படி இருக்கும் என்று காட்டும் பார்வைதான். அழித்தது அத்தனையும் கோப்புக்குள் இருக்கும். ஒவ்வொரு அழிப்பின்மேலும் மவுசை வைத்தால் யார், என்றைக்கு என்று வரும். அதைக் குறித்துக்கொண்டு சொல்லுங்கள்.

வைகைக்கரை

சிவப்புக் கோடாக வந்து நிற்கிறது! மூன்றாவது காரணமும் கிடைத்துவிட்டது: கண்மாய்க்குள் கருவேலம் வளர்த்து ஏலம் விட்டது பற்றிய பத்தி.

ஆனால் அழித்தவர் பெயர் இரண்டு விதமாக வருகிறது. சிலவற்றில் ஐயாவின் பெயர். பலவற்றில் "சிஸ்டம் 2". மகளைக் கேட்டேன். வரைபடம் சேர்ப்பதற்காக ஒரு தட்டச்சு நிலையத்தில் கோப்பைக் கொடுத்து வாங்கினாராம். பக்கம் அதிகமாகிறது, கொஞ்சம் குறைக்கலாம் என்று அங்கே சொன்னதாகவும் அவருக்கு ஞாபகம்.

எக்ஸ்எம்எல்

இது மிக முக்கியமான தகவல். ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்தப் பெயர் வேர்டில் யாரோ பதிந்து வைத்த பயனர் பெயர், அவ்வளவுதான். தேதியும் அந்தக் கணினியின் கடிகாரம் சொன்னது. ஐயாவே அங்கே உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர்கள் அழித்திருக்கவும் கூடும். சாட்சியமாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுக்காதீர்கள்.

அந்தப் பெயரில் உள்ளவற்றை மட்டும் மீட்க வழி உண்டு. ரிவ்யூவில் ஷோ மார்க்அப், ஸ்பெசிஃபிக் பீப்பிள், ஐயாவின் பெயரில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு "சிஸ்டம் 2" மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரிஜெக்ட் என்பதன் கீழே "ரிஜெக்ட் ஆல் சேஞ்சஸ் ஷோன்". திரையில் தெரிகிற திருத்தங்கள் மட்டும் நிராகரிக்கப்பட்டு, அழித்த உரை பழையபடி நூலுக்குள் வந்துவிடும். ஐயா தானே அழித்தவை தொடப்படாமல் இருக்கும்.

மறைவெழுத்தில் யார் மறைத்தது, எப்போது என்ற பதிவு கிடையாது. இங்கேதான் கோப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். நகல் ஒன்றின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் "வேர்ட்" என்று ஒரு அடைவு, அதற்குள் "டாக்குமென்ட்" என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. அதை நோட்பேட்++ போன்ற ஒன்றில் திறந்து, ஆங்கிலத்தில் "வேனிஷ்" என்று தேடுங்கள். மறைத்த ஒவ்வொரு எழுத்துத் துண்டிலும் அந்தக் குறி இருக்கும். (ஸ்டைல்ஸ் கோப்பிலும் தேடிவிடுங்கள். ஸ்டைலிலேயே மறைவு வைத்திருந்தால் உரையில் குறி இராது. வேர்டுக்குள்ளேயே பார்க்க வேண்டுமென்றால் ஷிப்ட் + எஃப்1 தட்டினால் வலப்பக்கம் எந்தப் பண்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டும்.)

அந்தத் துண்டுகளின் தொடக்கத்தில் "ஆர்எஸ்ஐடி" என்று தொடங்கும் பெயரும், அதையொட்டி எட்டு இலக்க எண்ணும் (ஆங்கில எழுத்தும் கலந்து வரும்) தெரியும். கோப்பைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு அமர்வுக்கும் வேர்ட் ஓர் எண்ணை எழுதிவைக்கிறது. யார் என்று அது சொல்லாது, தேதியும் சொல்லாது. ஆனால் இரண்டு துண்டில் ஒரே எண் இருந்தால் இரண்டும் ஒரே அமர்வில் கைவைக்கப்பட்டவை என்று கொள்ளலாம். "ஆர்பிஆர்" என்று முடிகிற பெயரில் உள்ள எண்தான் எழுத்தின் வடிவமைப்பை மாற்றிய அமர்வு. அந்த ஒன்றரைப் பக்கத்தில் உள்ள எண், ஐயாவின் குறிப்புகளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். டிரஸ்ட் சென்டரில் இந்த எண்களைப் பதியவேண்டாம் என்று அணைத்து வைத்திருந்தால் எதுவும் கிடைக்காது.

லிப்ரே வாசகி

லிப்ரே ஆஃபிஸ் வைத்திருப்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. கன்ட்ரோல் + எஃப்10 குறிகளைக் காட்டும். மறைவெழுத்து அப்படியும் வரவில்லை என்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ரைட்டர், ஃபார்மேட்டிங் எய்ட்ஸ் போய் "ஹிடன் கேரக்டர்ஸ்" டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். ரைட்டரில் ஒரு முழுப் பகுதியையே மறைக்கும் வசதியும் உண்டு, அது குறிகளால் தெரியாது. ஃபார்மேட், செக்ஷன்ஸ் என்று போய்த்தான் ஹைட் டிக்கை எடுக்க வேண்டும்.

வைகைக்கரை

எண்களைப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கத்தின் எல்லாத் துண்டிலும் ஒரே எண். அதே எண் "கீழத்தெரு பெரியவர்" குறிப்பிலும் இன்னும் இரண்டு குறிப்பிலும் இருக்கிறது. ஆக, சண்டை பற்றிய பகுதியை ஐயாவே மறைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. இப்போது என்ன செய்வது? நூலின் மிக உயிர்ப்பான பகுதி அதுதான்.

கீழைக்காற்று

என் கருத்து, அச்சிட வேண்டும். வேண்டாம் என்று நினைத்திருந்தால் அழித்திருப்பாரே? அழிக்கத் தெரிந்தவர்தான், டிராக் சேஞ்சஸில் அவர் பெயரிலேயே அழிப்புகள் இருக்கின்றன. மறைத்து வைத்தது, ஒருநாள் வரவேண்டும் என்றுதான். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் எப்படி மறுக்கப்பட்டது என்று எழுதாத பாசன வரலாறு முழு வரலாறு ஆகாது.

மெய்ப்புமேசை

கீழைக்காற்று சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அழிக்காமல் வைத்தது அவருக்கு அந்தப் பகுதி வேண்டியிருந்தது என்பதற்கு அடையாளம். ஆனால் வேண்டியிருப்பது வேறு, ஊர் படிக்கக் கொடுப்பது வேறு. கூடவே மறைத்த குறிப்பில் "மறுபடி கேட்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். ஒருவர் சொன்னதை இன்னும் சரிபார்க்கவில்லை என்பது அவருடைய சொந்த வாக்குமூலம். சரிபார்க்காத குற்றச்சாட்டை, உயிரோடு இருக்கும் குடும்பங்களின் பெயரோடு, பதில் சொல்ல அவர் இல்லாத நேரத்தில் அச்சிடுவது சரியில்லை. அந்தப் பழியை நாம் அவர்மேல் ஏற்றுவதாகும்.

"சிஸ்டம் 2" அழித்த கருவேலம் பத்தியின் கதை வேறு. இரண்டு காரணத்தை எழுதிவிட்டு மூன்று என்று எந்த ஆசிரியரும் விடமாட்டார். வெட்டியது அவர் கை இல்லை என்று உரையே சொல்கிறது. அதைத் தயங்காமல் சேருங்கள்.

பழைய சுவடிப் பதிப்பில் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. கோப்பிலிருந்து மீட்ட ஒவ்வொரு பத்திக்கும் பதிப்புரையில் ஒரு வரி எழுதுங்கள்: இது கோப்பில் அழிக்கப்பட்ட நிலையில் இருந்தது, இன்ன காரணத்தால் சேர்த்தோம் என்று. படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

கீழைக்காற்று

பெயர்களை எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் போட்டால்?

மெய்ப்புமேசை

சின்ன ஊரில் பெயரை எடுத்தாலும் யார் என்று தெரியாமல் போகாது. அந்தப் பெரியவர் இருக்கிறாரா, இரண்டு குடும்பத்திலும் யாராவது பேசுவார்களா என்று விசாரிக்கலாம். ஐயா கேட்க நினைத்ததை இவர்கள் கேட்கலாம். கேட்ட பிறகு அது இரண்டாம் பதிப்புக்கு வரட்டும். அதுவரை அந்தப் பக்கங்களோடு மூலக் கோப்பு அப்படியே மகளிடம் பத்திரமாக இருக்கட்டும்.

நல்லூரான்

எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. எங்கள் பக்கத்தில் போரில் தொலைந்த கையெழுத்துப்படிகள் எத்தனையோ. ஒரு பிரதி முழுசாக இருப்பதே பெரிய விஷயம். அச்சில் வராததால் அது இல்லாமல் போகாது, கோப்பை அழித்தால்தான் போகும்.

வைகைக்கரை

மகளிடம் இரண்டு கருத்தையும் அப்படியே வாசித்துக் காட்டினேன். கருவேலம் பத்தியும் மற்ற வெட்டுகளும் சேரட்டும், சண்டைப் பகுதி இப்போது வேண்டாம், பெரியவரை நானே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். பதிப்புரைக் குறிப்பை எழுதத் தொடங்கிவிட்டேன். அடுத்த வாரம் அச்சகத்துக்குக் கோப்பு போகவேண்டும்.

பக்கவடிவம்

நிறுத்துங்கள், அந்த வேர்ட் கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். உள்ளே சண்டைப் பகுதி இன்னும் இருக்கிறது. அங்கே யாராவது கன்ட்ரோல் + ஷிப்ட் + 8 தட்டினால் போதும்.

இது பெரிய இடங்களிலேயே நடந்திருக்கிறது. 2004 மார்ச்சில் எஸ்.சி.ஓ. என்ற மென்பொருள் நிறுவனம் டெய்ம்லர்கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கின் வேர்ட் கோப்பில், முதலில் பேங்க் ஆஃப் அமெரிக்காவைப் பிரதிவாதியாக வைத்து எழுதியது மறைந்த திருத்தங்களில் தெரிந்துவிட்டது. 2005 அக்டோபரில் லெபனான் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரிரி கொலை பற்றிய ஐ.நா. விசாரணை அறிக்கை வெளியானபோது, வேர்ட் வடிவத்தில் அழித்த திருத்தங்கள் அப்படியே இருந்தன. அன்றைய சிரிய அதிபரின் தம்பி மாகிர் அல் அசாத் உட்பட சிரிய அதிகாரிகளின் பெயர்கள் நீக்கப்பட்டது செய்தியாளர்களுக்குத் தெரிந்துபோனது. சரிபார்க்காத பெயர்களைத்தான் அங்கேயும் எடுத்திருந்தார்கள்.

அச்சகத்துக்கென்று தனி நகல் எடுங்கள். மீட்க வேண்டியது எல்லாம் மீட்டு, படித்துப் பார்த்து முடித்த பிறகு அந்த நகலில் மட்டும் மீதித் திருத்தங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். சொல்லடைவு இருந்தால் அதையும் இப்போதே உருவாக்குங்கள். குறிகளை அணைத்துவிட்டு உருவாக்க வேண்டும், மறைவெழுத்து தெரியும் நிலையில் உருவாக்கினால் பக்க எண் மாறிப்போகும். அப்புறம்தான் கீழைக்காற்று சொன்ன இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட். இந்த இடத்தில் "ரிமூவ் ஆல்" தட்டுவது சரியான வேலை. படங்களில் ஓரம் வெட்டியிருந்தால் கம்ப்ரஸ் பிக்சர்ஸில் "டிலீட் கிராப்டு ஏரியாஸ்" போடுங்கள், வெட்டிய ஓரம் கோப்புக்குள்ளேயேதான் இருக்கும்.

ஆப்ஷன்ஸ், டிஸ்ப்ளேயில் "பிரின்ட் ஹிடன் டெக்ஸ்ட்" டிக் இல்லாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் ஆக்கி அதை மட்டும் அனுப்புங்கள். பிடிஎஃப்பைத் திறந்து அந்தக் குடும்பங்களின் பெயரை ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஏழாம் அத்தியாயம் பாமினியிலேயே இருந்தால் தமிழில் தேடினால் அகப்படாது, பாமினி விசைப்படி தட்டித் தேட வேண்டும்.

வைகைக்கரை

ஏழாவது பாமினிதான். இரண்டு விதமாகவும் தேடிவிடுகிறேன்.